செம்மேட்டில் காத்திருந்த வெற்றிலை

அத்தியாயம் 11

சுகந்தி மனம் இறங்கிவிட்டார் என்னும் செய்தி மலையேறி வந்து சேர்ந்த இடத்தில் சென்ற வாரம் நின்றிருந்தோம். இன்றுதான் இக்கதைக்குள் அடியெடுத்து வைக்கும் அன்பர்கள் இருப்பின், அவர்கள் பொருட்டு இரண்டொரு சொற்கள் கூறுவதை மற்றவர்கள் பொறுத்தருள வேண்டும்.

தாயை இழந்த மோகன்ராஜை இடுப்பில் சுமந்து வளர்த்தவர் அவனுடைய அக்கா சுகந்தி. கொல்லிமலைக்குப் பணிமாற்றலாகி வந்த ஆசிரியை அமலோற்பவத்தின் மகள் ஜாஸ்மினை அவன் மணந்துகொண்ட நாள்முதல், அக்கா அடிவாரத்திலும் தம்பி மலைமேலுமாகப் பேச்சற்றுப் போயினர். நெடுங்காலம் கழித்துச் சுகந்திக்குப் பிறந்த பூங்குழலியை அவன் இன்றுவரை கண்ணால் கண்டதில்லை.

அந்தக் குழந்தைக்கு வரும் ஞாயிறன்று காதுகுத்து. "தாய்மாமன் மடி இருக்கறப்ப எம்புள்ளைக்கு வேற மடி எதுக்கு?" என்று சுகந்தி சொன்னாராம். மோகன்ராஜின் வண்டியில் சுமை ஏற்றி இறக்கும் ராசுதான் அடிவாரத்திலிருந்து இதைக் கொண்டுவந்தான்.

அன்றுமுதல் மோகன்ராஜ் கைபேசியைக் கீழே வைப்பதில்லை.

"ஏனுங்க, குளிக்கற எடத்துக்கெல்லாம் அக்காவைக் கூட்டிட்டுப் போறீங்களாக்கும்" என்று ஜாஸ்மின் அன்று காலையும் கேலி செய்தாள்.

"கூப்பிடற நேரத்துல நான் சோப்பு போட்டுட்டு நின்னா? அக்கா மறுக்காக் கூப்பிடாது. அதோட ரோசம் உனக்குத் தெரியாது."

"ரோசம் உங்க ஊட்டுச் சொத்துன்னு எனக்குத் தெரியாதா?"

முற்றத்தில் நின்ற சிறிய சரக்கு வண்டியில் வளப்பூர் நாட்டுப் பலாப்பழங்கள் அடுக்கப்பட்டிருந்தன. பலாப்பால் ஒட்டாதிருக்க மோகன்ராஜ் இரு கைகளிலும் முழங்கை வரை தேங்காயெண்ணெய் தடவியிருந்தான். அந்தக் கையால் கைபேசியைத் தொடக்கூடாது என்பதால், ஜாஸ்மினே அதை வண்டியின் முன்பலகையில் பொருத்தினாள்.

"கீழ போய் நின்னதும் யாரு கூப்பிட்டாங்கன்னு அது வாய்விட்டுச் சொல்லுமில்ல?" என்று அவன் கேட்டான்.

"சொல்லுமுங்க. நான் எழுதினது. சொல்லாம எங்க போகுது."

அவன் கேட்டது 'மலைவழி' என்னும் செயலியைப் பற்றி. சேலத்தில் உள்ள ஒரு சிறு நிறுவனம் மலைப்பாதை ஓட்டுநர்களுக்காக அதை உருவாக்கியிருந்தது. ஜாஸ்மின் வீட்டிலிருந்தபடியே அந்நிறுவனத்தில் பணிபுரிந்தாள். வண்டி கொண்டை ஊசி வளைவுகளுக்குள் நுழைந்ததும் செயலி கைபேசியின் அமைப்பைத் தானே மாற்றி மணியை அடக்கிவிடும். வளைவுகளைத் தாண்டி வண்டி நின்றதும் மணியைத் திருப்பித் தந்து, இடையில் அழைத்தவர்களின் பெயர்களைப் படித்துக் காட்டும். ஆகவே ஓட்டுநர்கள் திரையைப் பார்க்கும் பழக்கத்தையே விட்டிருந்தனர்.

இரண்டு நாட்களுக்கு முன்பு மோகன்ராஜின் கைபேசியில் இயங்குதளத்தின் புதிய பதிப்பு ஏறியிருந்தது. உரிமையாளர் வைத்த அமைப்பில் செயலிகள் நேரடியாகக் கைவைப்பதை அப்பதிப்பு தடுத்தது. எந்தச் செயலியும் தனக்கென ஒரு விதியை அமைத்து, அதன்வழியே மணியை அடக்கவும் விடுவிக்கவும் மட்டுமே இனி இயலும். பழைய வழியில் ஓடினால் அக்காவின் அழைப்பு எங்கேனும் சிக்கிக்கொள்ளுமோ என்ற அச்சம் ஜாஸ்மினை வாட்டியது.

புதிய வழியை அவளே எழுதி முடித்திருந்தாள். எழுதியது உடனே எல்லோருக்கும் போய்விடாது. செயலிக்குள் உறங்கிக் கிடக்கும். அலுவலகத்தின் கட்டுப்பாட்டுத் திரையில் 'ஃபிளாக்' என்று அவர்கள் அழைக்கும் ஒன்றை ஆன் செய்தால், குறிப்பிட்ட கைபேசிகளில் மட்டும் அது விழித்துக்கொள்ளும். ஆஃப் செய்தால் மறுபடி உறங்கும். பழைய வழி ஓடத் தொடங்கும்.

சோதனைக் கைபேசிகளைத் தவிர வேறெதையும் இவ்வாரம் சேர்க்க வேண்டாம் என்று அவளுடைய மேலாளர் மணிவண்ணன் கூறியிருந்தார். ஜாஸ்மின் சேர்த்தாள். அந்தப் பட்டியலின் அடியில் கணவனின் கைபேசியை ஓசையின்றி இணைத்துவிட்டு, வண்டி தெருமுனையைத் தாண்டும்வரை பார்த்து நின்றாள். அவன் நன்மைக்காகவே செய்ததாக அப்போது அவள் மனம் நிறைந்திருந்தது.

*

அதே வேளையில் அடிவாரத்திலுள்ள காரவள்ளியில் புறப்பட்ட பேருந்து மலையேறிக்கொண்டிருந்தது. சன்னலோரத்தில் சுகந்தி அமர்ந்திருந்தார். மடியில் ஒயர் கூடை. கூடைக்குள் எவர்சில்வர் தட்டு, தேங்காய், பழம், ஈரத்துணியில் சுற்றிய வெற்றிலை.

"நானும் வாரேன்" என்று கணவர் மாதேஸ்வரன் சொன்னதற்கு அவர் இணங்கவில்லை. "அவனை வெரட்டுனது நாந்தானுங்க. நானே போய்க் கையில வெத்தலை வெச்சாத்தான் அது கூப்பிட்டதா இருக்கும்" என்று கூறிவிட்டுத் தனியே கிளம்பியிருந்தார்.

மனத்துக்குள் வேறொன்றையும் முடிவு செய்திருந்தார். தம்பி மலைமேல் இருக்கும் செம்மேட்டுப் பேருந்து நிலையத்துக்கு வந்து அழைத்துப் போனால் அவன் வீட்டுப் படியேறுவது. அவன் வராமல் தானாகப் போய் நிற்பதில்லை.

பாதி மலையில் ஒரு வளைவில் பேருந்து திணறித் திரும்பியது. மேலேறும் வண்டிக்கு வழிவிட்டு, இறங்கி வந்த சரக்கு வண்டி ஒன்று ஓரமாக நின்றது. பலாவின் மணம் சன்னல் வழியே வந்தது. அந்த வண்டியின் ஓட்டுநரைக் கண்டதும் சுகந்தியின் கை கூடையை இறுகப் பற்றியது.

தம்பி மெலிந்திருந்தான். மீசை திருத்தப்படாமல் கிடந்தது.

இத்தனை பேர் நடுவில் கூப்பிட்டு, அவன் திரும்பாமல் போனால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? அவர் கைபேசியை எடுத்து அவன் எண்ணை அழுத்தினார். காதில் மணி ஒலித்தது. முன்பலகையில் அவனுடைய கைபேசி இருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. அவன் பக்கக் கண்ணாடியைப் பார்த்தான், அருகில் இருந்த ராசுவிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான், கியரை மாற்றினான்.

பேருந்து வளைவைக் கடந்துவிட்டது.

"தெரிஞ்சவிங்களா அம்மிணி?" என்று பக்கத்து இருக்கையில் இருந்த சின்னக்கண்ணு என்பவர் கேட்டார்.

"தம்பிங்க."

"எடுக்கலையாக்கும். சொந்த வண்டி வந்துட்டா அப்பிடித்தானுங்க. நம்ம நெம்பரெல்லாம் கண்ணுக்குத் தெரியாது."

சுகந்தி கைபேசியைக் கூடைக்குள் போட்டார்.

*

வளைவில் மணி ஒலிக்காதது செயலியின் பிழையன்று. அங்கே அது அடங்கியிருக்கத்தான் வேண்டும். பிழை, அதற்குச் சற்றுப் பின்னர் நிகழ்ந்தது.

மணிவண்ணனிடமிருந்து ஜாஸ்மினுக்கு அழைப்பு வந்தது.

"ஜாஸ்மின், அந்த ஃபிளாக்கை ஆஃப் பண்ணிரும்மா. இங்க டெஸ்ட் போன் ஒண்ணு மேப் நகராம அப்படியே நிக்குது. சரி பண்ணிட்டு அப்புறம் பாத்துக்கலாம்."

"சரிங்க சார்."

"இரு, இரு. ஆஃப் பண்றதுக்கு முன்னாடி பாரு. நம்ம லிஸ்ட்ல ஏதாச்சும் போன் இப்ப ரோட்ல இருக்கா?"

பட்டியலின் கடைசி வரி அவள் கண்முன்னே இருந்தது. அது காரவள்ளி நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

"இல்லீங்க சார்."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்துட்டேனுங்க சார். எல்லாம் ஆபீஸ்லதான் இருக்குது."

அவர் எதற்காகக் கேட்கிறார் என்று அவள் வினவவில்லை. வினவினால், கணவனின் கைபேசி அங்கே எப்படி வந்தது என்று அவர் வினவுவார். அந்த ஒரு கேள்விக்கு அஞ்சி, கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அவள் விழுங்கிக்கொண்டாள். பிறகு ஃபிளாக்கை ஆஃப் செய்தாள்.

நண்பகலில் மோகன்ராஜை ஒருமுறை அழைத்தாள். மணி போயிற்று, அவன் எடுக்கவில்லை. பழம் இறக்கிக்கொண்டிருப்பார் என்று எண்ணிக்கொண்டு தன் வேலையில் ஆழ்ந்தாள்.

*

பள்ளி விட்டு வந்த அமலோற்பவம், செம்மேட்டுப் பேருந்து நிலையத்தில் ஒயர் கூடையோடு அமர்ந்திருந்த பெண்மணியை அடையாளம் கண்டுகொண்டார். முன்பு ஒரேயொரு முறை, பதிவாளர் அலுவலக வாசலில், கண்ணீரும் சினமுமாகப் பார்த்த முகம்.

"நீங்க சுகந்திதானே?"

"ஆமாங்க டீச்சர்." சுகந்தி எழுந்து, முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார்.

"இவ்வளவு தூரம் வந்துட்டு இங்க உட்கார்ந்திருக்கீங்களே. வாங்க, வீடு பக்கத்துலதான்."

"இல்லீங்க. தம்பி வந்து கூட்டிட்டுப் போனா வாரேனுங்க. வந்ததுல இருந்து கூப்பிடறேன். எடுக்க மாட்டேங்கறான்."

"வண்டியில இருப்பார். கொஞ்சம் இருங்க, ஜாஸ்மின்கிட்ட பேசறேன்."

அமலோற்பவம் கைபேசியை எடுத்ததும் சுகந்தி அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். முரட்டுத்தனமான பிடியன்று, கெஞ்சும் பிடி.

"வேண்டாமுங்க டீச்சர். உங்க மக சொல்லி அவன் வந்தா, அது அவ பேச்சுக்கு வந்ததாப் போயிருமுங்க. என்ற பேச்சுக்கு வரோணும். அதுக்குத்தான் இத்தன நேரமாக் குந்தியிருக்கேன்."

"இதுல யார் பேச்சா இருந்தா என்னங்க?"

"உங்களுக்குத் தெரியாதுங்க. காலையில வளைவுல ரெண்டு வண்டியும் பக்கம் பக்கமா நின்னுச்சுங்க. நான் போன் பண்றேன், போனு அவன் மூஞ்சிக்கு முன்னாடி இருக்குது. சிரிச்சுக்கிட்டே போயிட்டான்."

மருமகன் அப்படிச் செய்யக்கூடியவர் அல்லர் என்று சொல்ல அமலோற்பவம் விரும்பினார். ஆனால் ஒரு தம்பியைப் பற்றி அவனை வளர்த்த அக்காவிடமே சான்று கூறத் தமக்கு என்ன தகுதி என்ற தயக்கம் குறுக்கிட்டது.

இறங்கும் பேருந்து வந்து நின்றது. சுகந்தி இன்னும் ஒருமுறை அழைத்துப் பார்த்தார். மணி அடித்து ஓய்ந்தது. கூடையைத் தூக்கிக்கொண்டார்.

"போயிட்டு வாரேனுங்க டீச்சர். நான் வந்தேன்னு சொல்லோணும்னு இல்ல."

படியேறியவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் வேண்டாம் என்றதை மீறியிருக்கலாமே என்னும் எண்ணம், பேருந்து கண்ணுக்கு மறைந்த பிறகே அமலோற்பவத்துக்கு உறைத்தது.

*

"ஏம்மா ஒரு போன் பண்ணலை?" என்று ஜாஸ்மின் இரண்டாம் முறையாகக் கேட்டாள்.

"கையைப் பிடிச்சுக்கிட்டாங்கடி. நான் என்ன பண்றது?" அமலோற்பவம் நாற்காலியில் அமராமல் நின்றே பேசினார். "மாப்பிள்ளை எடுத்திருந்தா ஒரு வார்த்தையில முடிஞ்சிருக்கும். நாளெல்லாம் எடுக்காம என்ன பண்றார்?"

நாளெல்லாம் என்ற சொல்லில் ஜாஸ்மின் நின்றுவிட்டாள். வளைவில் எடுக்காதது சரி. கீழே போய் வண்டியை நிறுத்திய பிறகுமா?

மடிக்கணினியைத் திறந்தாள். தான் எழுதியதைத் தானே படித்தாள். அதிக நேரம் தேவைப்படவில்லை.

ஃபிளாக்கை ஆஃப் செய்தால் அவள் எழுதிய புதிய வழி உறங்கிவிடும். ஆனால் அது விழித்திருந்தபோது கைபேசியின் அமைப்பில் செய்துவைத்த மாற்றம் உறங்காது, அப்படியே நிற்கும். அந்த அடக்கத்தை விலக்கத் தெரிந்தது புதிய வழிக்கு மட்டுமே. பழைய வழிக்கோ, அப்படியொன்று இருப்பதே தெரியாது. வளைவுகளின் நடுவில், மணி அடங்கியிருந்த நேரத்தில், அவள் ஃபிளாக்கை ஆஃப் செய்தாள். அந்தக் கைபேசி இனி ஒலிக்காது; நின்றதும் அழைத்தவர் பெயரையும் படிக்காது. அழைப்பு வந்ததற்கான குறிப்பைத் திரையிலும் காட்டாது. ஒருவர் கையால் விடுவிக்கும் வரை அப்படியே இருக்கும்.

மணிவண்ணனை அழைத்து, மறைக்காமல் சொன்னாள்.

"மாத்தினதைத் திருப்பி வெச்சிட்டுத்தாம்மா ஆஃப் பண்ணணும். அதுக்குத்தானே ரோட்ல யாராச்சும் இருக்காங்களான்னு கேட்டேன்."

"தெரியுங்க சார். இப்பத்தான் தெரியுது."

"உங்க வீட்டுக்காரர் போன்னு சொல்லியிருந்தா, வண்டி நிக்கட்டும்னு பத்து நிமிஷம் பொறுத்திருப்போம். நான் என்ன உன்னைக் கடிச்சா தின்னுருவேன்?"

அதில் சினம் இல்லை. அதனாலேயே அது அவளை மிகவும் வருத்தியது.

*

நன்றாக இருட்டிய பிறகு வண்டி முற்றத்தில் வந்து நின்றது. மோகன்ராஜ் இறங்கி, கையில் ஒட்டியிருந்த பலாப்பாலை எண்ணெய் விட்டுத் தேய்த்தபடியே வந்தான்.

"அக்கா இன்னிக்கும் கூப்பிடலை ஜாஸ்மின்" என்றான். "அந்த ராசு சும்மா ஆசை காட்டியிருப்பான். அவன் வாயில வர்றதுல பாதி காத்து."

அமலோற்பவம் உள்ளறைக்குச் சென்றுவிட்டார்.

ஜாஸ்மின் வண்டியிலிருந்து கைபேசியை எடுத்து வந்தாள். அடக்கத்தை விடுவித்தாள். பிறகு அழைப்புகளின் வரிசையைத் திறந்து அவன் கண்ணுக்கு நேரே பிடித்தாள். அக்கா, அக்கா, அக்கா என்றே இருந்தது. நடுவில் ஒரேயொரு முறை அவளுடைய பெயர்.

அவன் படித்தான். மறுபடி படித்தான்.

"இது என்னது?"

அவள் எல்லாவற்றையும் கூறினாள். பட்டியலில் சேர்த்ததையும், மணிவண்ணனிடம் இல்லை என்றதையும், செம்மேட்டில் அவன் அக்கா கூடையோடு அமர்ந்திருந்ததையும் கூறினாள். கூறும்போது அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எண்ணெய் வழிந்த அவனுடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்டக் கேட்டிருக்கலாமல்ல" என்றான் அவன். "என்ற போனு அது."

"கேட்டிருக்கணுமுங்க."

"நான் வேண்டாம்னு சொல்லியிருக்க மாட்டேன். ஆனா ஒரு நாளைக்கு ரெண்டு தடவ யாரு கூப்பிட்டாங்கன்னு தொறந்தாச்சும் பாத்திருப்பேன்."

அவன் கை எண்ணெயாக இருந்ததால் அவளே சுகந்தியின் எண்ணை அழுத்தி, இருவரும் கேட்கும்படி ஒலிபெருக்கியைப் போட்டாள். மறுமுனையில் உடனே எடுத்தார்கள்.

"சொல்லு."

"அக்கா, நாந்தானுங்க. இப்பத்தான் பாத்தேன். போனு அடிக்கவே இல்லீங்கக்கா."

"செரி."

"நெசமாத்தானுங்க."

"செரின்னுதான சொல்றேன் சாமி." சுகந்தியின் குரலில் களைப்பு மட்டுமே இருந்தது. "வார வழியில எறங்கி, வெத்தலையச் செங்கோட்டையன் கையில வெச்சுட்டேன். பெரியப்பன் மவன். அவனும் மாமன் மொறதான. கண்ணுல தண்ணி வந்துருச்சு அவனுக்கு. நம்மளைப் போய்க் கூப்பிடறாங்களேன்னு."

ஒருவர் கையில் வைத்த வெற்றிலையைத் திரும்பக் கேட்பது அவர்கள் பக்கத்தில் வழக்கமில்லை. மோகன்ராஜுக்கு அதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அவன் சுவரில் சாய்ந்துகொண்டான்.

"அண்ணி, நான் ஜாஸ்மின் பேசறேனுங்க." இத்தனை ஆண்டுகளில் அவள் அவரோடு பேசும் முதல் வார்த்தை அது. "தப்பு அவர் மேல இல்லீங்க. என்ற வேலைக்காக அவருக்குத் தெரியாம போன்ல ஒண்ணை மாத்தினேன். அதை அரைகுறையா விட்டுட்டேனுங்க. நீங்க கூப்பிட்டதெல்லாம் அதுல அடங்கிப் போச்சு."

"வளைவுல பாத்தானே" என்றார் சுகந்தி.

மோகன்ராஜ் நிமிர்ந்தான். "எந்த வளைவுலங்க? நீங்க அந்த பஸ்ஸுலயா இருந்தீங்க?"

மறுமுனையில் ஒரு குழந்தை ஏதோ கேட்டது. யாரோ அதை அதட்டி உள்ளே அழைத்துப் போனார்கள்.

"அப்ப நீ என்னையப் பாக்கவே இல்லையா?"

"இல்லீங்கக்கா."

"செம்மேட்டுல நான் குந்தியிருக்கேன்னு தெரிஞ்சிருந்தா?"

"வண்டியக் கீழயே போட்டுட்டு, வார பஸ்ஸுல தொத்திக்கிட்டு வந்திருப்பேன்."

"டீச்சர் சொன்னாங்க. போன் பண்றேன்னு சொன்னாங்க. நாந்தான் கையப் புடிச்சுட்டேன்" என்றார் சுகந்தி. அது அவர்களிடம் கூறியது போலவே இல்லை.

மோகன்ராஜ் முழங்கையால் ஜாஸ்மினின் கையை மெல்ல விலக்கி, கைபேசிக்கு எட்டாத குரலில் சொன்னான். "நீ சொல்லாம இருந்திருக்கலாம். என் மேல கோவமா இருந்திருந்தா, அக்கா திட்டிட்டுத் தூங்கியிருக்கும். இனி அது தூங்காது."

உண்மையைச் சொன்னால் ஒருவருடைய பாரமாவது குறையும் என்று ஜாஸ்மின் நம்பியிருந்தாள். பாரம் குறையவில்லை; அடிவாரம் வரை இறங்கிப் போயிருந்தது.

"தம்பி" என்று சுகந்தி அழைத்தார்.

"இருக்கேனுங்கக்கா."

"மடி போயிருச்சு. அத நான் திருப்பித் தர முடியாது. ஆனா ஞாயித்துக்கெழம நீ வந்து கூட்டத்துல ஒருத்தனா நிப்பியா? புள்ளை செங்கோட்டையன் மடியில குந்திக்கிட்டு உன்னையப் பாக்கும். யாருன்னு கேக்கும். நான் சொல்லிக்கறேன்." சற்று நிறுத்தினார். "உன்னால தாங்க முடியும்னா வா. முடியாதுன்னா அதையும் இப்பவே சொல்லிப்போடு. வாசலப் பாத்துக்கிட்டு நிக்க வெச்சுப்போடாத."

மோகன்ராஜ் மனைவியைப் பார்த்தான். அவள் கையிலிருந்த கைபேசியைப் பார்த்தான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நீயே சொல்லு" என்றான்.

மறுமுனையில் சுகந்தி காத்திருந்தார். ஜாஸ்மின் கைபேசியை வாயருகே கொண்டு சென்றாள். "அண்ணி" என்றாள். அதற்குமேல் அவன் சார்பில் எதைச் சொல்லத் தனக்கு உரிமையுண்டு என்று அவளுக்குத் தெரியவில்லை.